பயாப்ஸி படிவத்தின் வெற்று வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவதை 'உடம்புச் சூடு' என்று தாமே முடிவுசெய்துகொண்டு, இளநீரையும் வெந்தயத்தையும் நம்பி மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்காக அக்கட்டுரை எழுதப்பட்டது மிகவும் சரி. பீடி, சிகரெட் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை அழுத்திச் சொன்னதும் சரியே. ஆனால் கடைசிப் பத்தியில், பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டால் அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற திசு நோயியல் மருத்துவர்; அதாவது உடம்பிலிருந்து எடுத்த துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுகிறவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் ஆசிரியையாகவும், பின்னர் தனியார் ஆய்வகங்களிலும் பணியாற்றியிருக்கிறேன். பயாப்ஸி ரிப்போர்ட் என்பது சர்க்கரை அளவைப்போல இயந்திரம் துப்பித் தருகிற எண் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதர் கண்ணால் பார்த்து, தமக்குத் தெரிந்ததை வைத்து எழுதுகிற கருத்து. அப்படி எழுதுகிறவருக்கு நோயாளியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்தக் கருத்து சரியாகவும் போகலாம், தவறாகவும் போகலாம். சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை இந்த ஆபத்து சற்று அதிகம். ஏனென்றால் மைக்ரோஸ்கோப்பில் புற்றைப்போலவே தோன்றி ஏமாற்றக்கூடிய, உண்மையில் தீங்கற்ற மாற்றங்கள் அந்த உறுப்பில் ஒன்றிரண்டல்ல, பல உண்டு.

எங்கள் கைக்கு என்ன வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுரண்டி எடுக்கும் துண்டுகள் பெரும்பாலும் மிளகு அளவில்தான் இருக்கும். அவற்றின் ஓரங்கள் சூட்டில் கருகியும் போயிருக்கும். கெட்டுப்போகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிய அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து 'பிளாக்' ஆக்கி, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் ரிப்பன்போலச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, இரண்டு சாயங்களில் தோய்த்தெடுக்கிறார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த நீலமும் சிவப்பும்தான் எங்கள் உலகம். உட்கரு பெரிதாகி, கறுத்து, கோணல்மாணலாகி, செல்கள் தம் எல்லையைத் தாண்டி ஆழத்தில் இறங்கியிருந்தால் புற்று என்று சந்தேகிக்கிறோம். தொல்லை என்னவென்றால், சிறுநீர்ப்பையின் உள்தோல் காயம்பட்டு ஆறும்போதும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. கல் உராய்ந்தாலும், சிறுநீர் இறங்கப் போட்ட டியூப் வாரக்கணக்கில் உள்ளே கிடந்தாலும், கிருமி தங்கினாலும், கதிர்வீச்சு பட்டாலும் அதன் செல்கள் வீங்குகின்றன, வேகமாகப் பெருகுகின்றன, கீழ்நோக்கி மொட்டுவிடுகின்றன, சில சமயம் குடலின் உள்தோலைப்போல் சளி சுரக்கவும் தொடங்குகின்றன.

ஆகவே, ஆறுகிற காயமா, அழிக்கிற புற்றா என்பதைப் பல வேளைகளில் ஸ்லைடு மட்டுமே சொல்லிவிடாது. துண்டுகளோடு வருகிற படிவத்தில் நோயாளியின் வரலாறு இருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் அதற்கென்று ஐந்தாறு வரி இடமும் விட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் அந்த வரிகள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வந்து சேரும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஒரு மாலை நேரத்தில் நான்கைந்து துண்டுகள் வந்தன. நடுத்தர வயதுப் பெண், 'சிறுநீர்ப்பையில் வளர்ச்சி, புற்றா?' என்பதற்கு மேல் படிவத்தில் ஒரு சொல் கிடையாது. ஸ்லைடை வைத்துப் பார்த்தால் சின்னஞ்சிறு குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குழாய்களின் உட்சுவரில் இருந்த செல்கள் ஆணியின் கொண்டைபோல உள்ளே துருத்திக்கொண்டிருந்தன. சிறுநீர்ப்பையில் அரிதாக வரும், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் தெளிசெல் அடினோகார்சினோமா என்ற புற்றுக்கும் இதே ஆணிக்கொண்டைத் தோற்றம் உண்டு. நான் வாசகத்தைச் சொல்லச் சொல்ல, தட்டச்சுச் செய்யும் பெண் அடித்து முடித்துவிட்டார். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒன்று நெருடியது: இவ்வளவு பரபரப்பாகத் தோன்றும் ஓர் இடத்தில், இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அறுவை மருத்துவருக்குத் தொலைபேசினேன். அவர் தியேட்டரில் இருந்ததால் பயிற்சி மருத்துவர் ஒருவர் பேசினார். "மேடம், அவங்க டிரான்ஸ்பிளான்ட் பேஷன்ட். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்க தம்பி கிட்னி கொடுத்திருக்கார்" என்றார். அடித்து வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது நெஃப்ரோஜெனிக் அடினோமா என்ற தீங்கற்ற மாற்றம். அதிலுள்ள குழாய்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் போலிருப்பதால் 1950-இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. உருவ ஒற்றுமையால் வந்த பெயர்தான் அது. அதற்குப் பின்னால் பெரிய உண்மை ஒன்று இருப்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது. 2002-இல் வியன்னா நகர மருத்துவர்கள், ஆணின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்களிடமும் பெண்ணின் சிறுநீரகத்தைப் பெற்ற ஆண்களிடமும் தோன்றிய இத்தகைய வளர்ச்சிகளின் பாலினக் குரோமோசோம்களைச் சோதித்தார்கள். வளர்ச்சியிலிருந்த செல்கள் சிறுநீரகத்தைப் பெற்றவருடையவையாக இல்லை, கொடுத்தவருடையவையாக இருந்தன. அதாவது, சிறுநீரக நுண்குழாய்களிலிருந்து உதிர்ந்து சிறுநீரோடு இறங்கி வந்த செல்கள், சிறுநீர்ப்பையில் எங்கோ புண்பட்டிருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு முளைத்திருக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் இல்லாதவர்களிடமும் கல், அறுவை, நாட்பட்ட டியூப் ஆகியவற்றுக்குப் பின் இது வருவது உண்டு. என் ஆய்வகத்துக்கு வந்த துண்டுகளில் குரோமோசோம் சோதனை செய்யும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் அக்காவின் உடம்புக்குள் தம்பியின் செல்கள் குடியேறியிருப்பதைத்தான் நான் புற்று என்று எழுதப் போனேன் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது.

இப்போது செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் பாக்ஸ்-8 போன்ற சாயங்கள் வந்துவிட்டன, ஆகவே வரலாறு இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம் என்று இளம் மருத்துவர்கள் சொல்வார்கள். பாக்ஸ்-8 சிறுநீரகக் குழாய்ச் செல்களில் ஏற்கும் என்பதால் அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் நான் மேலே சொன்ன தெளிசெல் புற்றிலும் அதே சாயம் ஏற்கும். ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை புராஸ்டேட் சுரப்பி வழியே செல்லும் பகுதியில் இந்த நெஃப்ரோஜெனிக் அடினோமா வந்தாலோ குழப்பம் இன்னும் கூடும்: புராஸ்டேட் புற்றைக் காட்டிக்கொடுக்கும் என்று நாம் நம்பும் ஏ.எம்.ஏ.சி.ஆர். சாயத்தை இதுவும் ஏற்றுக்கொள்ளும். சாயம் போட்டுப் பார்க்கலாம் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே. அதற்கும் வரலாறுதான் வேண்டும்.

தவறு எழுதிவிட்டுத் திருத்திக்கொண்டதும் என் வாழ்க்கையில் உண்டு. அதை மறைத்துவிட்டு இக்கடிதத்தை எழுதுவது நேர்மையாகாது. நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்கக் காலத்தில், முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த முடிச்சு ஒன்று வந்தது. நீள்வடிவச் செல்கள் கற்றைகற்றையாக, பிரிந்துகொண்டிருப்பவை ஏராளமாக, தசைகளுக்கு இடையே புகுந்து நின்றன. சார்கோமா, அதாவது தசை போன்ற திசுக்களில் தோன்றும் புற்று, என்று எழுதினேன். படிவத்தில் வயதும் பாலினமும்தான் இருந்தன. சிறுநீர்ப்பையை முழுவதும் அகற்றுவதற்குத் தேதி குறித்துவிட்டார்கள். தற்செயலாக என் ஆசிரியர் ஒருவர் அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "இவருக்கு இதற்கு முன் அங்கே கத்தி பட்டதா?" என்று மட்டும் கேட்டார். விசாரித்தால், ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் அதே இடத்தில் சுரண்டியெடுத்திருக்கிறார்கள். அறுவைக்குப் பின் சில வாரங்களில், புண் ஆறும் வேகத்தில் இப்படி ஒரு முடிச்சு எழும்பும் என்றும், அது சார்கோமாவைப்போலவே இருக்கும் என்றும் 1984-லேயே ஸ்கல்லி, ரோசாய் உள்ளிட்ட நோயியல் மருத்துவர்கள் மூவர் எட்டு நோயாளிகளை வைத்து எழுதியிருந்தார்கள். அதை நான் படித்துமிருந்தேன். படித்திருந்து என்ன பயன்? முந்தைய அறுவை நடந்த தேதி படிவத்தில் இருந்திருந்தால் எனக்கு அது நினைவுக்கு வந்திருக்கும். அறுவை நிறுத்தப்பட்டது, முதியவர் சிறுநீர்ப்பையோடு வீட்டுக்குப் போனார். நான் சார்கோமா என்று எழுதியதற்கும் அதைத் திருத்தியதற்கும் இடையில் எட்டு நாட்கள் அந்த வீடு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் கேட்கவும் இல்லை, கேட்க எனக்கு முகமும் இல்லை. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டால், பல சமயம் குடலின் ஒரு துண்டை வைத்து வயிற்றில் வழி செய்து, மீதி வாழ்நாள் முழுவதும் பையில் சிறுநீரைப் பிடிக்க வேண்டிவரும் என்பதைப் பொதுமக்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதும் ஒரு சொல்லின் எடை அது.

நம் பகுதிக்கு மிகவும் பொருந்துகிற இன்னொன்று கதிர்வீச்சு. தமிழ்நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காகக் கதிர்வீச்சு பெற்றுக் குணமடைந்து, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் சிறுநீர்ப்பையும் அந்தக் கதிரில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்துக்கூடச் சிறுநீரில் ரத்தம் வரும். உள்ளே பார்த்தால் சிவந்த திட்டு. துண்டெடுத்தால், ஊடுருவும் புற்றைப்போல உள்தோல் செல்கள் கூட்டங்கூட்டமாகக் கீழே இறங்கி, ரத்தக் குழாய்களில் உறைந்திருக்கும் நார்ப்பொருளைச் சுற்றி நிற்கும். இது புற்றைப்போல் நடிக்கும் உள்தோல் பெருக்கமே. உண்மையான புற்றும் கதிர்வீச்சுக்குப் பின் வரலாம் என்பதால் இதைப் பிரித்தறிவது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். 'முன்பு கதிர்வீச்சு' என்ற இரண்டு சொற்கள் படிவத்தில் இருந்தால் நாங்கள் இன்னும் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்போம், ஆழமாக மேலும் சில சீவல்கள் வெட்டச் சொல்வோம், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுவோம்.

இங்கே குற்றம் முழுவதையும் மருத்துவர்கள் தலையில் கட்டிவிட முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்ததை மருமகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். பழைய ஃபைல் ஸ்கேன் சென்டர் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவின் மேல்தட்டில் கிடக்கும். 'அது எப்பவோ நடந்தது, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்' என்று புது மருத்துவரிடம் எடுத்துப்போக மாட்டார்கள். சம்பந்தம் உண்டு என்பதை மேலே எழுதியதிலிருந்து அறியலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூப் போட்டிருந்தவர்களின் சிறுநீர்ப்பையில் நீர்கோத்து வீங்கிய மடிப்புகள் பூவிதழ்போல் எழும்பி, காம்புள்ள புற்றைப்போல் தோன்றும்; டியூபை எடுத்த பின் பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். ஈ.கோலை கிருமியை விழுங்கிய வெள்ளணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் திணறும்போது, மஞ்சள் நிற மெத்தென்ற திட்டுகள் உண்டாகும். மலக்கோபிளேக்கியா என்று பெயர், கிரேக்கத்தில் மெத்தென்ற தகடு என்று பொருள். 1902-இல் மைக்கேலிஸ், குட்மன் என்ற மருத்துவர்கள் இருவரும் விவரித்த, வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும் சுண்ணாம்பும் இரும்பும் கலந்த உருண்டைகளை அந்தச் செல்களுக்குள் கண்டுகொண்டால் புற்றுப் பயம் தீர்ந்து, சிகிச்சை ஆன்டிபயாடிக் பக்கம் திரும்பும். சிறுநீரை மட்டும் சோதிக்கும் இடத்திலும் ஏமாற்றம் உண்டு. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களிடம் பலருடைய உடம்பில் தொல்லை தராமல் ஒளிந்திருக்கும் பி.கே. வைரஸ் தலையெடுத்தால், செல்களின் உட்கரு பெருத்து, மங்கிய கண்ணாடிபோல் ஆகிவிடும். புற்றுச் செல் என்று பார்ப்பவரை நம்பவைப்பதாலேயே அவற்றுக்கு ஆங்கிலத்தில் பொறிப் பறவை என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கல் உள்ளவர்களின் சிறுநீரிலும், கருவி செலுத்திய பிறகு எடுத்த சிறுநீரிலும் செல்கள் கொத்துக்கொத்தாக உதிர்ந்து வரும். அதையும் படிவத்தில் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் யாரும், தமக்கு வந்திருக்கும் புற்று ரிப்போர்ட் தவறாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. புற்று என்று எழுதப்படுபவை பெரும்பாலும் புற்றாகவே இருக்கின்றன. எதிர்த் திசையில் ஏமாற்றும் புற்றும் ஒன்று உண்டு. ஃபான் புருன் கூடுகள் என்ற, பெரும்பாலோரின் சிறுநீர்ப்பையில் இயல்பாகவே காணப்படும் சிறு செல்கூட்டங்களைப் போலவே சாதுவாக வேடமிட்டு, ஆழத்தில் தசைவரை இறங்கிவிடும் புற்று அது. மேலாக எடுத்த துண்டில் மட்டும் பார்த்தால் தீங்கற்றது என்று எழுதிவிடத் தோன்றும். ஆகவே இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. வெளிச்சம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

படிவம் ஏன் வெறுமையாக வருகிறது என்பதற்கு நான் கண்ட காரணங்கள் எளியவை. அறுவை முடிந்ததும் மருத்துவர் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார். படிவத்தை நிரப்புவது தியேட்டரில் நிற்கும் செவிலியரோ அன்றைக்குப் பணிக்கு வந்த பயிற்சி மருத்துவரோதான். தாம்பரத்திலும் ஆவடியிலும் உள்ள சிறு மருத்துவமனைகளிலிருந்து மாலையில் பைக்கில் வருகிற பையன் டப்பாக்களைச் சேகரித்து, நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஆய்வகத்தில் சேர்க்கிறான். அங்கே ஸ்லைடைப் பார்ப்பவருக்கு நோயாளியின் முகமும் தெரியாது, அறுவை மருத்துவரின் கைப்பேசி எண்ணும் தெரியாது. காப்பீட்டு அனுமதிக்கு ரிப்போர்ட் உடனே வேண்டும் என்ற நெருக்கடி வேறு. பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயியல் துறை ஒரே வளாகத்தில் இருப்பதால், படியேறிப் போய் வார்டில் கேட்டுவிட்டு வரலாம். நான் பயிற்சிபெற்ற காலத்தில் எங்களை அப்படி அனுப்பவும் செய்தார்கள். அந்தப் படிக்கட்டு தனியார் ஆய்வகங்களில் இல்லை.

செய்யக்கூடியது என்ன என்றால், சிறுநீர்ப் பாதைத் துண்டுகளுக்கான படிவத்தில் முந்தைய அறுவையும் அதன் தேதியும், கல், டியூப் அல்லது ஸ்டென்ட் (அடைப்பு வராமல் உள்ளே வைக்கும் சிறு குழாய்), கதிர்வீச்சு, காசநோய், சிறுநீர்ப்பைப் புற்றுக்காக உள்ளே செலுத்தும் பி.சி.ஜி. மருந்து, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடிய சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக அச்சிட்டு, அவற்றை நிரப்பாத டப்பாவை வாங்க மறுக்கும் துணிவை ஆய்வகங்கள் பெற வேண்டும். வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் எந்த ஆய்வகமும் தனியாக இதைத் தொடங்காது. எனவே மாநிலச் சுகாதாரத் துறை எல்லோருக்கும் ஒன்றாக விதிப்பதே வழி. நோயாளியின் வீட்டார், துண்டெடுக்கும் நாளன்று மேலே சொன்னவற்றில் தங்களுக்குப் பொருந்துவதை ஒரு தாளில் எழுதி, டப்பாவோடு ஒட்டி அனுப்பும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். தமிழில் எழுதினாலும் போதும், நாங்கள் படிப்போம்.

சிறுநீர்ப்பையை அகற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், அதற்கு முன் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கி, சிறுநீர்ப் பாதை நோயியலில் பழக்கமுள்ள இன்னொருவரிடம் காட்டுவது நல்லது. ரிப்போர்ட்டின் நகலை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. இரண்டாமவரும் சொந்தக் கண்ணால் ஸ்லைடைப் பார்க்க வேண்டும். இதை முதல் மருத்துவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாங்கள் எங்களுக்குள் தினமும் செய்வது அதுதான். அந்த முதியவரைக் காப்பாற்றியதும் இரண்டாவது ஜோடிக் கண்கள்தான்.

எனவே, கட்டுரையின் கடைசிப் பத்தியில் வந்த அந்த வரியை, 'நோயாளியின் முழு வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட பயாப்ஸி முடிவு' என்று திருத்தி, அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் இக்கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். படிவத்தில் நிரப்ப வேண்டியவை வரும் பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு நோயியல் மருத்துவர்,
மயிலாப்பூர், சென்னை – 600004.
(பெயரை வெளியிட வேண்டாம்.)